எப்போது மிஸ்ஸிங் அடிக்கிறது? வாசகர் கேள்விகளுக்கு ஒரு சயான் மெக்கானிக்கின் பதில்கள்

மும்பை சயான் கோலிவாடாவில் என் கேரேஜுக்கு வண்டி வந்ததும் நான் பானெட்டைத் திறப்பதில்லை. வண்டிக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பேன். எப்போது ஆரம்பித்தது? இன்ஜின் சூடாக இருக்கும்போதா, குளிர்ந்திருக்கும்போதா? சிக்னலில் நிற்கும்போதா, மேடு ஏறும்போதா? மழையிலா, வெயிலிலா? 1991இல் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு டாக்ஸி கேரேஜில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தபோது என் உஸ்தாத் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலர் "எந்த பார்ட்ஸ் மாற்றணும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். "எப்போது" என்பதையும் எழுதியிருந்தவர்களின் கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன். அவற்றுக்குத்தான் வண்டியைப் பார்க்காமலே ஓரளவு பதில் சொல்ல முடிகிறது.

கேள்வி: அண்ணாச்சி, எங்களுடையது 2019 மாடல், கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்த நான்கு சிலிண்டர் கார். 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கேஸில் ஓடும்போது சிக்னலில் நின்றால் உதறுகிறது. ஈஸ்டர்ன் ஃப்ரீவே ஏற்றத்தில் பிக்கப் செத்துப்போய், மஞ்சள் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டுகிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் பரவாயில்லை. ஒரு கேரேஜில் கேஸ் இன்ஜெக்டர் செட் மாற்றச் சொன்னார்கள், இன்னொன்றில் இன்ஜினையே பிரிக்கணும் என்றார்கள். மூன்று சர்வீஸ் பில்களின் நகலை அனுப்பியிருக்கிறேன். யாரை நம்புவது? (செம்பூர் வாசகி)

தங்கச்சி, இப்போதைக்கு இரண்டு பேருக்கும் காசு கொடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்று பில்லையும் வரி வரியாகப் பார்த்தேன். ஆயில் இருக்கிறது, ஏசி ஃபில்டர் இருக்கிறது, வாஷிங் இருக்கிறது. சிலிண்டருக்குள் தீப்பொறி விடும் ஸ்பார்க் பிளக் பற்றி ஒரு சொல் இல்லை. சாதாரண பிளக் பெட்ரோலிலேயே 30,000, 40,000 கிலோமீட்டருக்குத்தான் தாங்கும். நீங்களோ கேஸில் ஓட்டுகிறீர்கள்.

சி.என்.ஜி.யைப் பற்ற வைக்க பெட்ரோலைவிட வலுவான கரண்ட் வேண்டும். அதனால்தான் கேஸ் வண்டிகளில் பிளக் முனையின் இடைவெளியைப் பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாக வைக்கிறார்கள். ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி அகலமாகும். பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் பாகம் காயில். அது கொடுக்கும் கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் திணறும். மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தாண்டுவது இன்னும் கடினம். உங்கள் வண்டி பெட்ரோலில் சமாளித்து, கேஸில் உதறி, ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிப்பதற்கு, அதாவது ஒரு சிலிண்டர் பற்றாமல் விட்டுப்போவதற்கு, இந்த ஒரு காரணமே போதும். அதனால் பிளக், காயிலில்தான் என் முதல் சந்தேகம்.

அதைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பி 0301 முதல் பி 0304 வரை ஏதாவது ஒரு கோடு (கோளாறு எண்) வரும். கடைசி எண்தான் மிஸ் அடிக்கிற சிலிண்டர். 0302 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு அதே ஃப்ரீவே ஏற்றத்தில் ஒரு தடவை ஏறி வாருங்கள். இப்போது 0303 வந்தால் காயில் போய்விட்டது, அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். 0302 அப்படியே நின்றால் பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள். கழற்றிய பிளக்கை நன்றாக உற்றுப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக, காய்ந்து இருந்தால் நல்லது. ஈரமாக எண்ணெய் படிந்திருந்தால் இன்ஜினுக்குள்ளிருந்து ஆயில் ஏறுகிறது. வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறியது போலக் கறுப்புக் கீற்று ஓடியிருந்தால், கரண்ட் முனைக்குப் போகாமல் அந்த வழியாக ஒழுகுகிறது.

புது பிளக் வாங்கினால் கார் கையேட்டில் சி.என்.ஜி. மாடலுக்கு என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே, பில் தருகிற கடையில் வாங்குங்கள். டூப்ளிகேட் பிளக் இந்த ஊரில் நிறையவே புழங்குகிறது.

இரண்டும் சரியாக இருந்து கோடு நகரவில்லை என்றால்தான் அடுத்த கட்டம், கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்ற சோதனை. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கேஜ் மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பது. நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை வரும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்வு, அல்லது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட். கேஸ் வண்டியில் வால்வுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். பெட்ரோல் போல சி.என்.ஜி. ஈரமாக உள்ளே வருவதில்லை. காய்ந்த கேஸில் வால்வு உட்காரும் இடம் மெல்லத் தேய்ந்து, வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் டாப்பெட் இடைவெளி குறுகிக்கொண்டே போகும். ஒரு நாள் வால்வு முழுக்க மூடாமல் கருகும். டாப்பெட் இடைவெளியைப் பார்த்திருக்கிறார்களா என்று உங்கள் பில்லில் தெரியவில்லை, அதையும் கேளுங்கள்.

பிளக், காயில், கம்ப்ரஷன் மூன்றும் நன்றாக இருந்து கேஸில் மட்டும் உதறினால்தான் கேஸ் ஃபில்டர், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர், கேஸைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். முதல் கேரேஜ் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. கடைசியில் வர வேண்டிய சந்தேகத்தை முதலில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியைக் காட்டச் சொல்கிறது. கண் சிமிட்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்கிறது. எரியாத எரிபொருள் சைலன்சர் குழாய் வழியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது உள்ளேயே உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது பல்லாயிரம் ரூபாய்க்கு வளர்வது அப்படித்தான்.

கேள்வி: அண்ணாச்சி, நான் ஏர்போர்ட் டிரிப் அடிக்கிறேன். பெட்ரோல் வண்டி. ஒரு மணி நேரம் ஓட்டினால் டிராஃபிக்கில் திடீரென்று ஆஃப் ஆகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. 20 நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஃப்யூயல் பம்ப் புதிதாகப் போட்டாகிவிட்டது. அப்படியும் நிற்கிறது. (காட்கோபர் டிரைவர்)

தம்பி, உங்கள் கடிதம் என்னைப் பழைய பத்மினி டாக்ஸிகளிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. 2023 அக்டோபரோடு அந்தக் கறுப்பு மஞ்சள் ‘காலி பீலி’ பத்மினிகள் இந்த ஊர்ச் சாலையிலிருந்து முழுவதுமாகப் போய்விட்டன. நான் வேலை பழகியது அவற்றில்தான். மே மாத வெயிலில் இன்ஜின் மேலிருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். டிரைவர்கள் ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு ஒரு சாய் குடித்து வருவார்கள். வண்டி கிளம்பிவிடும். ஆனால் இக்னிஷன் காயில் சூட்டில் செத்தாலும் இதே அடையாளம்தான்: சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். நான் பையனாக இருந்தபோது ஒருவருடைய டாக்ஸியில் பம்ப்தான் என்று அடித்துச் சொல்லி மாற்றினேன். மறுநாள் மாஹிமில் மறுபடி நின்றது, போனது காயில். அவருக்கு இரண்டு நாள் வருமானம் போயிற்று. உஸ்தாத் என்னைத் திட்டவில்லை, கூலியை டாக்ஸிக்காரர் கையில் திருப்பிக் கொடுத்தார். வண்டி நின்றிருக்கும் அந்த நேரத்தில் சோதிக்காமல் பார்ட்ஸ் மாற்றக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

உங்கள் வண்டிக்கும் அதேதான். அடுத்த முறை நின்றதும் ஓரம் கட்டிவிட்டு இரண்டு காரியம் செய்யுங்கள். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிப் பின்சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பம்ப் இரண்டு விநாடி முனகும். முனகினால் பம்புக்குக் கரண்ட் போகிறது, அது சுற்றவும் செய்கிறது. அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் லேசாகவாவது எழும். அசையாமல் பூஜ்ஜியத்திலேயே கிடந்தால் கிராங்க் சென்சர் மேல் சந்தேகப்படுங்கள். இன்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சர்தான். அது வாய் மூடினால் கம்ப்யூட்டர் பிளக்குக்குக் கரண்ட்டும் கொடுக்காது, இன்ஜெக்டரையும் திறக்காது. சென்சருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று பழசானால் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். உங்கள் 20 நிமிடக் கணக்கு அதனோடு பொருந்துகிறது.

ஸ்கேனரில் கோடு வராமலும் போகலாம். அதனால் கோடு இல்லை என்று கேரேஜில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். எண் வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். சென்சர்தான் என்று உறுதியானால் ஒரிஜினலே போடுங்கள். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய பார்ட்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் நானே அங்கேதான் வாங்குவேன். பழைய சென்சர் மட்டும் வேண்டாம். எத்தனை வருடம் சூட்டில் வெந்தது என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: போன வாரம் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் மழைத் தண்ணீரில் கார் நின்றுவிட்டது. தண்ணீர் கதவின் அடிவரை இருந்தது. பையன்கள் தள்ளிக் கொண்டுவந்து காலனியில் விட்டார்கள். இதுவரை சாவியே போடவில்லை. இப்போது காய்ந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யலாமா ஐயா? (மாட்டுங்கா வாசகர்)

செய்யாதீர்கள். இதுவரை சாவி போடாமல் இருந்தீர்களே, உங்கள் இன்ஜின் பிழைத்தால் அதனால்தான் பிழைக்கும்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்று சுருங்கும். தண்ணீர் சுருங்காது. காற்று இழுக்கும் குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் சிலிண்டரில் போய் உட்கார்ந்திருந்தாலும், செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் அதில் போய் முட்டும். வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு. சில வண்டிகள் வளைந்த ராடோடு ஸ்டார்ட்டும் ஆகிவிடும். ஓட்டுபவருக்கு ஒரு தட்டல் சத்தம் மட்டும் கேட்கும். பின்னொரு நாள் அந்த ராடு முறிந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

2005 ஜூலை 26ஐ மும்பைக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அந்த வாரம் என் கேரேஜ் வாசலில் ஒரே மாடல் கார் இரண்டு அடுத்தடுத்து நின்றன. இரண்டும் ஒரே தெருவில் மூழ்கியவை. ஒருவர் தண்ணீர் வடிந்ததும் பதறிப்போய் நான்கைந்து தடவை செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறார். இன்னொரு வண்டி ஒரு ரிட்டயர்டு ஆசிரியருடையது. அவர் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார். முதல் வண்டிக்கு இன்ஜினைப் பிரித்து ராடும் பிஸ்டனும் புதிதாகப் போட்டேன். ஆசிரியர் வண்டியில் பிளக்கைக் கழற்றி இன்ஜினைச் சுற்றியபோது இரண்டு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் சட்டையை நனைத்தது. ஆயில், ஃபில்டர்களை இரண்டு தடவை மாற்றினேன். அந்த இன்ஜின் அப்புறமும் பல வருடம் ஓடியது.

உங்கள் வண்டிக்குச் செய்ய வேண்டியது: முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். தண்ணீர் எட்டிய அளவு தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். எதையும் பிரிக்கும் முன்பே கொடுங்கள். பாலிசியில் இன்ஜின் ப்ரொடெக்ஷன் என்ற கூடுதல் கவர் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல், தண்ணீர் புகுந்த பின் செல்ஃப் அடித்துக் கெட்ட இன்ஜினுக்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். அப்புறம் டோ வண்டியில் ஏற்றி கேரேஜுக்கு அனுப்புங்கள். அங்கே ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஃபில்டரும் உள்ளே போகும் குழாயும் காய்ந்து, தண்ணீர்க் கறையே இல்லாமல் இருந்தால் சிலிண்டருக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. நனைந்திருந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலிலும் தண்ணீர். கியர்பாக்ஸ் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சிக்னலில் தானாக ஆஃப் ஆகி, பெடலை மிதித்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இப்போது நிறைய வண்டிகளில் வருகிறது. ஹிந்துமாதா, சயான், மிலன் சப்வே வழியாக மழையில் போகிறவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அந்த பட்டனை அமுக்கி நிறுத்திவிடுங்கள். தண்ணீருக்குள் வண்டி தானே செல்ஃப் அடித்துக்கொள்ளும் நிலைமை உங்களுக்கு வர வேண்டாம்.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போய் வந்து ஸ்டார்ட் செய்தால் நான்கு சிலிண்டர் கார் மூன்றில் மட்டும் ஓடுகிறது. போவதற்கு முன் நன்றாக இருந்தது. (முலுண்ட் வாசகர்)

எலி. நின்ற இடத்திலேயே கெட்ட வண்டிக்கு நான் முதலில் டார்ச் அடித்துத் தேடுவது எலிப் புழுக்கையைத்தான். இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் போகும் மெல்லிய வயர்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள், கடித்த இடம் தட்டுப்படும். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் அடுத்த மழைக்குப் பச்சை பூத்துவிடும். ஈயப் பற்று வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். பார்க்கிங் பக்கத்தில் குப்பைத் தொட்டி இருந்தால் வண்டியை இடம் மாற்றுங்கள், துடைக்கும் துணியைப் பானெட்டுக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி: 2012 மாடல் பெட்ரோல் கார். லிட்டருக்கு 15 கொடுத்தது இப்போது 11தான். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்ஜினைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். உண்மையா? (வாஷி வாசகர்)

கணக்குப் போட்டுப் பார்ப்போம் சார். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தமான பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறையும். நீங்கள் முன்பே 10 சதவீதக் கலப்பைப் போட்டுக்கொண்டிருந்தவர், ஆகவே புதிதாகக் குறைவது ஏறக்குறைய அதில் பாதி. 15இலிருந்து 11 என்பது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். மீதியைத் தின்பது வேறு ஏதோ ஒன்று. ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் நடுவையும் தொடாமல் கிட்டக் கை காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு ஏறவே நெடுநேரம் ஆகிறதென்றால், இன்ஜின் சூடாகும் வரை கூலண்ட் வழியை மூடி வைக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்கிறது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஆக்ஸிஜன் சென்சரையும் பாருங்கள்.

ஆனால் எத்தனாலுக்கு உங்கள் மாடலில் ஒரு பயம் நியாயமானது. பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் வாடை வந்தால் அன்றே குழாயை மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மழை மாதங்களில் கால் டேங்க் பெட்ரோலோடு வாரக்கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள்.

கேள்வி: காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் உதறுகிறது, வெள்ளைப் புகை வருகிறது. அப்புறம் நாள் முழுக்க அருமையாக ஓடுகிறது. வாரம் அரை லிட்டர் கூலண்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றியும் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் கொண்டுவரட்டுமா? (டோம்பிவிலி வாசகி)

அம்மா, நோயை நீங்களே எழுதிவிட்டீர்கள். தரையில் விழாத கூலண்ட் இன்ஜினுக்குள்தான் போகிறது. ராத்திரி முழுக்க ஹெட் கேஸ்கெட் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு சிலிண்டரில் இறங்கித் தேங்குகிறது. காலையில் அந்த ஒரு சிலிண்டர் நனைந்த பிளக்கோடு திணறுகிறது. அதைக் கொதிக்க வைத்துத் துப்பிய பிறகு நான்கும் சேர்ந்து ஓடுகின்றன. புகையில் லேசாக இனிப்பு வாடை இருக்கிறதா பாருங்கள், அது கூலண்ட் வாடை.

உறுதிப்படுத்த, சாயங்காலம் கூலிங் சிஸ்டத்தில் கை பம்ப் மாட்டி அழுத்தம் ஏற்றி விட்டுவிடச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று ஈரமாக வரும். இன்னொரு வழி, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம். எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகிவிடும். எதைச் செய்தாலும் இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். ஓட்டை அடைக்கும் பவுடர் என்று விற்பதையும் ஊற்றாதீர்கள், அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

கேஸ்கெட்தான் என்றால் ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் பார்த்து, வளைந்திருந்தால் சீவி, புது போல்ட்டோடு முறுக்க வேண்டும். லேத் வேலையைத் தவிர்த்து கேஸ்கெட் மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், சில மாதத்தில் மறுபடி இதே கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கேரேஜ் திறந்திருக்கும். ஆனால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். டோம்பிவிலியிலிருந்து சயான் வரை டிராஃபிக்கில் கூலண்ட் குறைந்து இன்ஜின் கொதித்தால், கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய வேலை ஹெட்டையே மாற்றுவதில் போய் நிற்கும். டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். கடைசியாக எப்போது கூலண்ட் ஊற்றினீர்கள், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள்.